பத்துப் பேருக்குத் தலைவி

டீன் அகராதியைப் பிரிக்கிறார் என்றால் எதற்கோ பயந்துவிட்டார் என்று அர்த்தம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தலையணை தடிமனுக்கு இருக்கும் அந்தப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, விரலை எச்சில் தொட்டுத் தொட்டுப் புரட்டுவார். அந்த நேரத்தில் யாராவது அறைக்குள் எட்டிப் பார்த்தால் இடது கை மட்டும் உயரும். "இருப்பா, இருப்பா, ஒரு நிமிஷம்." தேடிய சொல் அகப்பட்டு, அது எந்தத் தேசத்தில் பிறந்து எந்த வழியாக இங்கே வந்து சேர்ந்தது என்று தெரிந்த பிறகுதான் அம்மாளுக்கு மூச்சு கீழே இறங்கும்.

இதற்கு அவரிடம் ஒரு நியாயம் உண்டு. "பயமுறுத்துற வார்த்தையோட அப்பன் யாரு, ஆத்தா யாருன்னு விசாரிச்சுட்டா, அப்புறம் அது நம்மகிட்ட வாலாட்டாது" என்பார். காலமெல்லாம் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவர். சொற்களின் பூர்வோத்தரத்தைத் தோண்டுவது தொழில்வழி வந்த வியாதி. பித்தப்பையில் கல் என்று படுக்கவைத்தபோது, பக்கத்தில் வந்து நின்ற டாக்டரிடம், "ஆபரேஷன்னா லத்தீன்ல வெறும் 'வேலை'ன்னுதான் அர்த்தம் டாக்டர்" என்று பல் தந்தியடிக்கச் சொன்னார். "அப்ப வேலையப் பாக்கலாமா?" என்று டாக்டரும் கேட்டாராம். சில சமயம் இந்த வைத்தியம் திருப்பிக்கொள்வதும் உண்டு. 'லிப்ட்' என்ற சொல்லை நோண்டி, அதன் பூர்வீகத்தில் ஆகாயம் இருக்கிறது என்று கண்டுபிடித்த நாளிலிருந்து அவருக்கு மாடிப்படிதான்.

பயம் என்றால் சாதாரணப் பயமா? அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்புகிற பயம். போன் அடித்தால், எடுப்பதற்கு முன்பே யாருக்கு என்ன ஆயிற்று என்று முடிவுகட்டிவிடுகிற பயம். வெளியூரில் இருக்கும் அக்கா வழக்கத்துக்கு மாறாகக் காலையில் கூப்பிட்டால், "என்னக்கா ஆச்சு? சொல்லிடு, தாங்கிக்கிறேன்" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும். "ஒன்னும் ஆகலடி, சும்மாதான் கூப்பிட்டேன். உனக்கு போன் பண்ணாலே எனக்கில்ல படபடன்னு வருது" என்று அக்கா அலுத்துக்கொள்வார்.

இப்படிப்பட்டவரிடம் போய் மாணவர்களுக்கான டீன் பதவியைக் கொடுத்தார்கள். கொடுத்தார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது, தலையில் கட்டினார்கள். முன்பு இருந்தவர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். மற்ற ஆசிரியர்கள் எல்லாரும் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி நழுவினார்கள். கடைசியில் கல்லூரி முதல்வர் இவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தண்ணீரெல்லாம் கொடுத்து, "நீங்கதான் மேடம் யாரையும் கடிஞ்சு பேச மாட்டீங்க. சும்மா பேருக்குத்தான் பதவி. பசங்களக் கொஞ்சம் பாத்துக்கிட்டாப் போதும்" என்றார்.

"எனக்கு வயித்தக் கலக்குது சார்."

"அது எனக்கும்தான் கலக்குது. டீ சொல்லட்டுமா?"

டீயைக் குடிக்காமலே எழுந்து வந்து அகராதியைப் பிரித்தார். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

'டீன்' என்கிற சின்னச் சொல் ஏதோ கோட் போட்டுக்கொண்டு, மாலை மரியாதையோடு நடக்கிற சொல் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படியெல்லாம் இல்லை. லத்தீனில் அது 'டெக்கானுஸ்'. பத்துப் பேருக்கு மேலே ஒருவன், அவ்வளவுதான். பழைய ரோமாபுரிப் படையில் பத்துப் பேர் கொண்ட சிறு கூட்டத்துக்குத் தலைவன். பிறகு துறவிகள் மடங்களில் இதே சொல் பத்துத் துறவிகளைக் கவனித்துக்கொள்பவரைக் குறித்தது. அவர்கள் வேலை செய்கிறார்களா, ஒழுங்காக இருக்கிறார்களா, யாராவது சோர்ந்து போயிருக்கிறார்களா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. அங்கிருந்து பேராலயத்தின் பெரிய குருவுக்குப் போய், பிரெஞ்சுக்காரர்கள் வாயில் விழுந்து தேய்ந்து, ஆங்கிலத்துக்கு வந்து, கல்லூரிக்குள் நுழைந்து, நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது. உட்கார்ந்த பிறகு அந்தப் பத்துப் பேரை எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

வழக்கமாக இந்த இடத்தில் பயம் தெளிய வேண்டும். அன்றைக்கு ஏறியது. வீட்டுக்குப் போனதும் கணவரிடம் போய் நின்றார். அந்த மனிதர் பல் செட் செய்பவர். வேலை மேஜை நிறைய யார் யாருடைய பற்களோ சிரித்துக்கொண்டிருக்கும். நடுவில் அவர் மட்டும் சிரிக்காமல் உட்கார்ந்து அரம் போட்டுக்கொண்டிருப்பார்.

"என்னங்க, டீன்னா பத்துப் பேருக்குப் பொறுப்பாம்."

"நல்லதாப் போச்சே. நானூறு பேரு, நானூறு பேருன்னு நேத்தெல்லாம் நடுங்கின."

"நானூறுல ஒருத்தருக்கு ஏதாவது ஆச்சுன்னா 'கவனிக்க முடியல'ன்னு சொல்லிக்கலாங்க. பத்துல ஒருத்தருக்கு ஆச்சுன்னா நான் என்ன சொல்லுவேன்?"

கணவர் கையிலிருந்த கீழ்வரிசையை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். "இங்க பாரு. வாயில ஒரு பல்லு விழுந்தா யாராவது சொல்லியா தெரியணும்? நாக்கு தானாப் போயி அந்த இடத்தத் துழாவும். பத்துப் பேருல ஒருத்தர் இல்லன்னா உனக்குத் தானாத் தெரியும். போயி சாப்பிடு."

நல்ல வார்த்தைதான். அதை நம்பித்தான் அம்மாள் அந்த வாரமே கல்லூரியில் புது ஏற்பாடு ஒன்றைக் கொண்டுவந்தார். ஆசிரியர், நூலகர், விளையாட்டுப் பயிற்சியாளர், அலுவலகத்துக் கணக்கர் என்று ஆளுக்குப் பத்து மாணவர்கள். அந்தப் பத்துப் பேர் வந்தார்களா, சாப்பிட்டார்களா, முகம் வாடியிருக்கிறதா என்று அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆசிரியர் கூட்டத்தில் இதைச் சொன்னபோது அவர் குரல் நடுங்கியது. "பத்துக்கு மேல ஒரு மனுஷனால பாத்துக்க முடியாது. அந்த வார்த்தையே அப்படித்தான் சொல்லுது" என்றார். இயற்பியல் ஆசிரியர் எழுந்து, "வார்த்தை சொல்லுதுன்னா நான் கேட்டுத்தானே ஆகணும்" என்று கையெடுத்துக் கும்பிட, எல்லாரும் சிரித்தார்கள். ஆனாலும் ஏற்றுக்கொண்டார்கள். பாவம், அம்மாள் இவ்வளவு பயப்படுகிறாரே என்று ஏற்றுக்கொண்டவர்களும் உண்டு.

இரண்டே மாதத்தில் அது கல்லூரியின் பேச்சு வழக்காகிவிட்டது. "உன் பத்து எது?" "நான் லைப்ரரியன் பத்து." "எங்க பத்துல எல்லாரும் பாஸ்." டீனுக்குப் 'பத்தம்மா' என்று பட்டப்பெயர் விழுந்தது. அது தன் காதில் விழுந்தும் விழாத மாதிரி நடந்து போவார். உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

மற்றவர்கள் தெரிந்த முகமாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்துக்கொண்ட பிறகு, யாரும் கேட்காமல் மிஞ்சியவர்களைத்தான் டீன் எடுத்துக்கொண்டார். மிஞ்சியவர்கள் என்றால் தெரியுமே. கதவு நிலையில் இடித்துக்கொள்ளும் நெட்டை. எதற்கெடுத்தாலும் வாதாடுகிற வக்கீல். வாயில் எதையாவது போட்டு மென்றுகொண்டே இருக்கும் அரவை மிஷின். காதிலிருந்து பாட்டுக் கருவியைக் கழற்றாத ஹெட்போன். ஒரே வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் வந்து, ஒருவருக்கொருவர் பேசாத அக்காளும் தங்கையும். பேனா முதல் குடை வரை அடுத்தவனுடையதையே உபயோகிக்கும் இரவல். ஒரு மதிப்பெண் குறைந்தால் அழுதுவிடும் குழாய். மோட்டார் சைக்கிளில் தலைதெறிக்கப் பறக்கும் ராக்கெட். இந்தக் கூட்டத்தைத் தினமும் சாப்பாட்டுக்கூடத்து வாசலில் நின்று பார்த்து, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகப் பயந்து வைப்பார். ராக்கெட்டிடம், "உங்க வீட்டுல உன்ன ஒருத்தனத்தான்டா பெத்தாங்க" என்பார். "இல்ல மேடம், மூணு பேரு" என்பான் அவன்.

தீ ஒத்திகைக்கும் இந்தப் பத்து வசதியாகப் போயிற்று. மணி அடித்ததும் எல்லாரும் முன்பக்கத்து வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்துவிட வேண்டும். அவரவர் பத்தை எண்ணி, சரியாக இருந்தால் இரண்டு கையையும் விரித்து மேலே தூக்கிக் காட்ட வேண்டும். பத்து விரல், பத்துப் பேர். இதுவும் டீனின் யோசனைதான். முதல்வர் படியில் நின்றபடி ஒரு பார்வை பார்த்தால் போதும், எல்லாக் கையும் மேலே இருந்தால் கட்டடம் காலி. ஒத்திகைகளில் இது அழகாக நடந்தது. டீன் மட்டும் தன் பத்தை இரண்டு முறை, மூன்று முறை எண்ணிவிட்டுத்தான் கையைத் தூக்குவார்.

பிறகு ஒரு நாள் நிஜமாகவே மணி அடித்தது.

மதிய வகுப்பு ஆரம்பிக்கிற நேரம். அரங்கத்துக்கு அடியில் இருக்கும் கிடங்கில், உடைந்த நாற்காலிகளும் கிழிந்த மெத்தைகளும் போட்டு வைத்திருந்த இடத்தில், மின்கசிவோ என்னவோ, தீப்பிடித்துவிட்டது. தீ வெளியே தெரியவில்லை. புகைதான் வந்தது. மெத்தைப் பஞ்சு எரிகிற புகை, கரியாக, எண்ணெய்ப் பிசுக்கோடு, ஜன்னல் இடுக்குகளிலிருந்து கசிந்து வந்து முன்பக்கமெல்லாம் சூழ்ந்துகொண்டது. வகுப்புகள் இறங்கி வந்தன. ஒரே இருமல், ஒரே சத்தம். சிலர் சிரித்துக்கொண்டும் வந்தார்கள், ஒத்திகை என்று நினைத்து.

டீனுக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது. கண் எரிந்து தண்ணீராகக் கொட்டியது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, புகைக்குள் மங்கலாகத் தெரிந்த தன் கூட்டத்தைப் பார்த்து எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று… பத்து. மறுபடி எண்ணினார். பத்து. அப்பாடா என்று இரண்டு கையையும் தூக்கினார். வண்டி நிறுத்துமிடம் முழுக்க அதே மாதிரி விரித்த கைகள். படியில் நின்ற முதல்வர் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, உள்ளே நுழைந்துகொண்டிருந்த தீயணைப்பு வண்டியை நோக்கி ஓடினார். "எல்லாரும் வெளிய வந்தாச்சு சார், எண்ணியாச்சு!" என்று அவர் கத்தியது எல்லாருக்கும் கேட்டது.

தீயணைப்பு அதிகாரிக்கு அது போதும். ஆள் இல்லாத கட்டடத்துக்குள் தன் ஆட்களை அனுப்ப அவருக்கு என்ன அவசரம்? குழாயை வெளியிலிருந்தே கிடங்கு ஜன்னலுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டு, கட்டடத்தைச் சுற்றிப் பார்க்கப் போனார்.

காற்று கொஞ்சம் திசை மாறியது. புகை விலகியது. தூக்கிய கையை இறக்கியபடி டீன் தன் பிள்ளைகளைப் பார்த்தார். இரவலுக்குப் பக்கத்தில் ஒரு பெண் தோள்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். வயது என்னவோ இவர்கள் வயதுதான். பையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது திருப்புளி.

"நீ யாரும்மா?"

"ஜெராக்ஸ் மிஷின் சரிபண்ண வந்தேன் மேடம். வாட்ச்மேன் ஏதாவது ஒரு பத்துல போயி நில்லுன்னாரு."

டீனுக்கு ஒரு கணம் காது அடைத்துப்போயிற்று. அந்தப் பெண்மேல் என்ன தப்பு? நில் என்றார்கள், வந்து நின்றாள். தலையை எண்ணினாரே தவிர முகத்தைப் பார்க்கவில்லை. எண்ணிக்கை பொருந்திவிட்டது, கை தூக்கியாயிற்று. இங்கே ஒரு தலை கூடியிருக்கிறது என்றால் உள்ளே ஒரு தலை இருக்கிறது.

யார்?

நெட்டை இருந்தான். வக்கீல் இருந்தான். மிஷின் மென்றுகொண்டிருந்தான். ஹெட்போன், அக்கா, தங்கை, இரவல், குழாய், ராக்கெட். ஒவ்வொரு முகமாகப் போய்த் திரும்பி வந்தார். ஒன்பது. பத்தாவது யார் என்று அவருக்கு ஞாபகம் வரவில்லை. எவ்வளவு முட்டினாலும் வரவில்லை. எந்த நாக்கும் தானாகப் போய்த் துழாவவில்லை. மேலே இந்தப் பிள்ளைகளை வரிசையாகச் சொன்னபோது மட்டும் பத்தாவது ஆள் வந்ததா என்ன? யாருக்கும் தோன்றாது. அப்படி ஒரு பெண் அவள். எதைக் கேட்டாலும் "சரி மேடம்" என்பாள். இருக்கிறாயா என்றால் "சரி மேடம்", சாப்பிட்டாயா என்றாலும் "சரி மேடம்". அவளுக்கு ஒரு பட்டப்பெயர் வைக்கவேண்டும் என்றுகூட ஒருவருக்கும் தோன்றியதில்லை.

"யாருடா இல்ல? சொல்லுங்கடா, யாரு இல்ல நம்மள்ல?" குரல் கிறீச்சிட்டது. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் சட்டென்று தெரியவில்லை.

தங்கைதான் வாயைத் திறந்தாள். "மேடம், அவ… எங்க பெஞ்சுல ஓரமா உக்காருவாளே…" அவ்வளவு காலமும் தங்கையிடம் பேசாத அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயையோ, அவ நாடக ரூம்ல தூங்குவாடி!" என்றாள்.

"எந்த ரூம்? என்ன தூக்கம்?"

"ஸ்டேஜுக்குப் பின்னாடி மேடம், டிரஸ்ஸெல்லாம் மாட்டி வெச்சிருக்கற ரூம். அவ விடிகாலைல பேக்கரில வேலை பாத்துட்டு வரா. மத்தியானம் சாப்பாட்டுக்கூடத்துல தலையக் காட்டிட்டு, சாப்பிடாம அங்க போயி படுத்துக்குவா. அங்க மணி அடிச்சாக்கூடக் கேக்காது."

கேட்காதுதான். சத்தம் மேடைக்குப் போகக் கூடாது என்று சுவரெல்லாம் பஞ்சு வைத்து அடைத்த அறை அது. எரிகிற கிடங்குக்கு நேர் மேலே.

கதைகளில் வருகிற தைரியசாலியாக இருந்திருந்தால் அம்மாள் அப்போதே உள்ளே பாய்ந்திருப்பார். இவருக்குக் கால் அசையவில்லை. வாயால் காற்றை விழுங்கி விழுங்கி நின்றவர், பிறகு எப்படியோ ஒரு காலைப் பெயர்த்து வைத்தார். அடுத்ததையும் வைத்தார். வாசலுக்கு இல்லை, தீயணைப்பு வண்டிக்கு. செருப்பு ஒன்று எங்கேயோ கழன்று விழுந்தது.

"உள்ள ஒரு பொண்ணு இருக்கா!"

முதல்வர் திரும்பினார். "மேடம், பதட்டப்படாதீங்க. எல்லாரும் வந்தாச்சு."

"வரல சார். உள்ள இருக்கா."

"நீங்கதானே கை தூக்கினீங்க?" என்றார் இயற்பியல் ஆசிரியர். கேலி இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். "நான் பாத்தேனே மேடம், ரெண்டு கையும் தூக்கினீங்களே."

அத்தனை ஆசிரியர்களும், அத்தனை பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாளுக்கு அழுகை முட்டியது. அழுதால் பேச்சு வராது என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

"தப்பா எண்ணிட்டேன். தூக்கின கை பொய். என் பிள்ள ஒருத்தி உள்ள இருக்கா. மேடைக்குப் பின்னாடி, துணி மாட்டி வெச்சிருக்கற ரூம்ல தூங்கிட்டிருக்கா. தீ அதுக்குக் கீழதான் எரியுது. சார், யாரையாவது அனுப்புங்க. உங்களக் கெஞ்சிக் கேக்கறேன், இப்பவே அனுப்புங்க."

கட்டடத்தைச் சுற்றிவிட்டு வண்டிக்குத் திரும்பியிருந்த தீயணைப்பு அதிகாரி மறுகேள்வி கேட்கவில்லை. "எந்தப் பக்கம் வழி?" என்று மட்டும் கேட்டார். டீன் கையை நீட்டிக் காட்டினார். விரல் நுனி ஆடுகிற ஆட்டத்தில் அது எந்தத் திசை என்று தெரியாமல், இயற்பியல் ஆசிரியர்தான் அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். முகமூடி மாட்டிய இருவர் உள்ளே போனார்கள்.

அவர்கள் போன பிறகு ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் கொடுமை. தண்ணீர் சீறுகிற சத்தம், எங்கேயோ கண்ணாடி உடைகிற சத்தம், அப்புறம் மறுபடி தண்ணீர். முதல்வர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஒன்பது பிள்ளைகளும் டீனைச் சுற்றி வந்து ஒட்டிக்கொண்டு நின்றார்கள். ஹெட்போன்கூடக் காதிலிருந்ததைக் கழற்றியிருந்தான். அந்தப் பெண்ணின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவர டீன் முயன்றுகொண்டிருந்தார். மூக்குத்தி போட்டிருப்பாளா? சுருட்டை முடியா? கேட்டால் சொல்லத் தெரியாது. தினமும் வாசலில் நின்று பார்த்த முகம். அவள் செத்துப்போனால் அவள் அம்மாவிடம் என்னவென்று போய்ச் சொல்வது, முகம்கூட ஞாபகமில்லாதவள்தான் பொறுப்பாளி என்றா? அங்கேயே குனிந்து வாந்தி எடுத்தார்.

நிமிர்ந்தபோது அவர்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் தோளில் ஏதோ ராஜா ராணி நாடகத்து ஜரிகை அங்கி தொங்கியது. அதற்குள்ளிருந்து ஒரு கால் நீட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கால் அசைகிறதா, தூக்கி வருகிறவர் நடையில் ஆடுகிறதா என்று தெரியவில்லை. பிறகு அந்த அங்கி இருமியது.

எத்தனையோ பேர் கைதட்டினார்களாம். டீனுக்கு அது கேட்கவில்லை. தரையில் கிடத்தி மூச்சுக்காற்று கொடுத்தபோது அந்தப் பெண் கண்ணைத் திறந்து, கரி படிந்த உதட்டை அசைத்து, "சாரி மேடம்" என்றாள். அதைக் கேட்டதும்தான் அம்மாள் உடைந்து போய்ப் பெரிதாக அழுதார்.

அன்றைக்கு வீட்டில் அகராதிப் பக்கமே போகவில்லை. கணவர் அரத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "நாக்கு துழாவலைங்க" என்றார் டீன். கணவர் எழுந்து போய்ப் பாலைச் சுடவைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

மறுநாளே பதவி வேண்டாம் என்று முதல்வர் முன்னால் போய் நின்றார்.

"நீங்க போயிட்டா அந்தப் பத்து யாருக்கு மேடம்?" என்றார் முதல்வர். "மிஞ்சினதுங்கள யாரு எடுத்துப்பா?"

அம்மாள் சரி என்று திரும்பி வந்துவிட்டார். சின்னச் சின்னப் பயங்களுக்கு மறுபடி அகராதி மடிக்கு இறங்க ஆரம்பித்தது. லிப்டில் இன்றுவரை ஏறவில்லை. எண்ணுவதை மட்டும் அடியோடு விட்டுவிட்டார். சாப்பாட்டுக்கூடத்து வாசலில் இப்போது ஒவ்வொரு பிள்ளையாக நிறுத்தி, கன்னத்தில் உள்ளங்கையை வைத்து, முகத்தை நேராகப் பார்த்து, பெயரைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே விடுகிறார். வளர்ந்த பையன்களுக்கு மானம் போகிறது. "பத்தம்மா காய்ச்சல் பாக்குறாங்கடா" என்று ராக்கெட் நெளிகிறான். நெட்டைக்குக் கை எட்டாமல் அவனைக் குனியச் சொல்கிறார். கேலி செய்தாலும் யாரும் ஓடுவதில்லை.

அந்தப் பெண் ஆஸ்பத்திரியிலிருந்து தேறி, வீட்டில் இருந்து, கல்லூரிக்குத் திரும்பி வந்த வாரத்தில் மறுபடி ஒத்திகை வைத்தார்கள். மணி அடித்தது. எல்லாரும் வண்டி நிறுத்துமிடத்துக்கு இறங்கி வந்தார்கள். கரி பிடித்த அரங்கத்துச் சுவருக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். சுற்றிலும் ஒவ்வொருவராகக் கைகளைத் தூக்கினார்கள். டீன் தூக்கவில்லை. நெட்டையிடம் போனார், கன்னத்தைத் தொட்டார், பெயரைச் சொன்னார். வக்கீலிடம் போனார். அக்கா, தங்கை, குழாய், ஒவ்வொருவராகத் தொட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் அந்தப் பெண் நின்றாள்.

அவள் மூக்குத்தி போடவில்லை. முடி சுருட்டை இல்லை. புருவத்துக்கு மேல் சின்னதாக ஒரு தழும்பு, பழையது, எப்போது விழுந்ததோ. டீன் கையை உயர்த்தினார். கை பாதியில் நின்றுவிட்டது. அதற்கு மேல் போக அதற்குத் தைரியம் இல்லை. வாய் திறந்தும் பெயர் வரவில்லை. பெயர் தெரியாமல் இல்லை. அழுகை வந்து அடைத்துக்கொண்டது.

அந்தப் பெண் "சரி மேடம்" என்று சொல்லவில்லை. ஒரு எட்டு முன்னால் வந்து, அந்தரத்தில் நின்ற கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்து, தன் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள்.